கடுமையான ஓட்டப் பயிற்சியும் நின்றுபோன மாதவிடாயும்: மகளை ஓட விடலாமா?

கோத்தகிரித்தாய்:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி எங்கள் ஊர். மகளின் கல்லூரிப் படிப்புக்காக உதகையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவளுக்கு 19 வயது. 5,000 மீட்டர் ஓட்டத்திற்குப் பயிற்சி எடுக்கிறாள். வாரத்தில் ஆறு நாட்கள், விடியற்காலையில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் ஓடுகிறாள். அவற்றில் இரண்டு நாட்கள் தொட்டபெட்டா சாலையில் ஏற்றப் பயிற்சி.

குளியலறை அலமாரியில் நான் வாங்கி வைத்த நாப்கின் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் தூசு படிந்து கிடந்ததைப் பார்த்துத்தான் நானாகக் கேட்டேன். ஏழு மாதங்களாக மாதவிடாய் வரவில்லை என்றாள். 14 வயதில் பூப்பெய்தியவள். அதன் பிறகு இரண்டு மூன்று நாட்கள் முன்பின்னாக வந்ததே தவிர, நின்றதில்லை.

பயிற்சியாளரிடம் பேசினேன். கடுமையாக ஓடும் பெண்களுக்கு இப்படி நிற்பது சகஜம் என்றும், உடல் நன்றாகத் தேறியிருப்பதன் அடையாளம் என்றும் சொல்கிறார். என் மாமியாரோ, பெண்பிள்ளை இப்படிக் குதித்து ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், நாளைக்குக் குழந்தை தங்காது, உடனே நிறுத்து என்கிறார். ஒருவர் கவலையே வேண்டாம் என்கிறார், மற்றவர் ஓட்டமே வேண்டாம் என்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மைதானத்து மூத்தவர்:

அம்மா, முப்பத்தோரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மகளின் பயிற்சியாளர் சொன்ன அதே வாக்கியத்தை நானும் பல பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். அது தவறு என்பதை மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். மாணவிகளிடம் நேராகக் கேட்கும் கூச்சத்தை மறைத்துக்கொள்ள அந்த வாக்கியம் வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

உங்கள் மாமியாரின் அச்சத்திற்கும் நீண்ட வரலாறு உண்டு. அது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். ஆனால் பெண்கள் கொத்தாகச் சுருண்டு விழுந்தார்கள் என்று செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கி எழுதின. முடிவுக் கோட்டைத் தாண்டிய களைப்பில் ஆண்களும் படுத்துக் கிடப்பது வழக்கம்தான் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த ஓட்டம் நீக்கப்பட்டு, 1960இல் ரோமில்தான் திரும்ப வந்தது. பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, உங்கள் மாமியார் சொல்லும் அதே காரணம். கர்ப்பப்பை தசைகளாலும் இணைப்பு நார்களாலும் இடுப்புக்குள் கட்டி வைக்கப்பட்ட உறுப்பு. 19 வயதுப் பெண் ஓடுவதால் அது கழன்று இறங்கிவிடாது.

ஆகவே ஓட்டத்தை நிறுத்த அவசரப்படாதீர்கள். ஆனால் ஏழு மாதங்கள் என்பது காத்திருக்கும் காலமும் அன்று. மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றதை மருத்துவம் படித்தவர்கள் சொல்லட்டும்.

குன்னூர் மருத்துவர்:

மகப்பேறு மருத்துவம் பார்க்கிறேன். இணையத்தில் நோய் கண்டறிவது முறையன்று, பொதுவாகச் சொல்கிறேன்.

மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதங்கள் வராவிட்டாலே பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. முதலில் செய்வது கர்ப்பப் பரிசோதனை. இதைக் கேட்டதும் பல தாய்மார்கள் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள். இது சந்தேகம் அன்று, வரிசை. யாராக இருந்தாலும் முதல் படி அதுதான். அடுத்து தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ராடயால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்) ஆகிய ஹார்மோன் அளவுகளும் ஒரு ஸ்கேனும். வேறு காரணங்கள் இல்லை என்று உறுதியான பிறகே, பயிற்சியோடு தொடர்புடைய நிறுத்தம் என்று சொல்ல முடியும்.

அது எப்படி நேர்கிறது? மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதுபோல் ஒரு தாளத்தோடு ஒரு ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. அந்தச் சொட்டைக் கேட்டுப் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகியவற்றை விடுகிறது. அவற்றைக் கேட்டுச் சினைப்பை முட்டையை வளர்த்து ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. உடலுக்குள் வரும் ஆற்றல் போதவில்லை என்றால், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் குறைந்து, தைராய்டு ஹார்மோனின் செயல்வடிவம் குறைந்து, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறி, அந்தத் தாளத்தின் வேகமே தளர்ந்துவிடுகிறது. சினைப்பையில் குறை இல்லை, கர்ப்பப்பையிலும் குறை இல்லை. வீட்டில் அரிசி குறைந்தால் விருந்தாளியை அழைக்க மாட்டோம் அல்லவா? உடலும், இன்னோர் உயிரைச் சுமக்கும் வேலையை முதலில் ஒத்திப்போடுகிறது.

இது திடீரென்று ஒரு நாள் நிற்பதும் இல்லை. முதலில் முட்டை வெளிவந்த பிறகான இரண்டாம் பாதி குறுகும். பிறகு உதிரப்போக்கு வந்தாலும் முட்டை வெளிப்படாத மாதங்கள் வரும். பிறகு நாட்கள் தள்ளிப்போகும். கடைசியில்தான் முற்றிலும் நிற்கும். 1985இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பயிற்சிப் பழக்கமே இல்லாத 28 பெண்களை நாளொன்றுக்கு 6 கிலோமீட்டரில் தொடங்கி 16 கிலோமீட்டர் வரை ஓட வைத்தார்கள். இரண்டு மாதச் சுழற்சிக் காலத்துக்குள் நால்வருக்கு மட்டுமே சுழற்சி இயல்பாக இருந்தது. எடை குறைந்தவர்களிடம் பாதிப்பு கூடுதல். பயிற்சி முடிந்த ஆறு மாதங்களுக்குள் அனைவருக்கும் பழைய நிலை திரும்பியது. குழந்தை தங்காது என்ற அச்சத்திற்கு அந்தக் கடைசி வாக்கியமே பதில்.

அவரைத்தோட்டம்:

மருத்துவர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. என் தாய் நாற்பது ஆண்டுகள் தேயிலை பறித்தார். காலை எட்டு மணிக்கு மலைச்சரிவில் ஏறி, நாள் முழுவதும் நின்றபடி பறித்து, மூட்டையைத் தலையில் சுமந்து எடை போடும் இடத்திற்கு இறங்கி வருவார். அதன்பின் விறகு, தண்ணீர், சமையல். அவர் உழைக்காத உழைப்பா இந்தப் பிள்ளைகள் ஓடும் இரண்டு மணி நேரம்? என் தாய்க்கு ஐந்து பிள்ளைகள். உழைப்பு கர்ப்பப்பையைப் பாதிக்கும் என்றால் நீலகிரியில் பாதிப் பேர் பிறந்திருக்கவே மாட்டார்கள். படித்தவர்கள் வீட்டில் மட்டும் வரும் நோயாக எனக்கு இது தோன்றுகிறது.

குன்னூர் மருத்துவர்:

நல்ல கேள்வி; இந்த விஷயத்தின் மையமே அதுதான். உழைப்பு காரணமா, உழைப்புக்கு ஈடாக உண்ணாதது காரணமா என்று ஆராய்ச்சியாளர்களும் வெகு நாள் தடுமாறினார்கள். 1974இல் ரோஸ் ஃபிரிஷ் என்பவர், உடலில் கொழுப்பு இத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாதவிடாய் நிற்கும் என்ற கருத்தை முன்வைத்தார். அது பரவலாக நம்பப்பட்டது. ஆனால் ஒரே அளவு கொழுப்புள்ள இரு ஓட்ட வீராங்கனைகளில் ஒருத்திக்கு ஒழுங்காக வருவதும் இன்னொருத்திக்கு நின்றுபோவதும் தொடர்ந்து காணப்பட்டதால், அந்தக் கணக்கு நிற்கவில்லை.

பிறகு ஆன் லவுக்ஸ் என்பவர் 1998இலும் 2003இலும் வெளியிட்ட ஆய்வுகள் சிக்கலை அவிழ்த்தன. உடற்பயிற்சி செய்த பெண்களுக்கு, செலவழித்த ஆற்றலை உணவில் ஈடு செய்து கொடுத்தபோது எல்.எச். தாளம் கெடவில்லை. பயிற்சிக்குப் போக மீதமுள்ள ஆற்றல், உடலின் கொழுப்பல்லாத எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கலோரிக்குக் கீழே இறங்கியபோதுதான், அதுவும் ஐந்தே நாட்களில், தாளம் தளர்ந்தது. 45 கலோரி இருந்தால் நிறைவு. குரங்குகளிடம் செய்த ஒரு சோதனை இன்னும் தெளிவானது. தினமும் ஓட வைத்து மாதவிடாய் நின்ற குரங்குகள் சிலவற்றுக்கு, ஓட்டத்தைக் குறைக்காமல் தீனியை மட்டும் கூட்டினார்கள். பன்னிரண்டு நாள் முதல் ஐம்பத்தேழு நாட்களுக்குள் அவற்றுக்குச் சுழற்சி திரும்பியது. ஓட்டம் நிற்கவில்லை, தட்டு நிறைந்தது, அவ்வளவுதான்.

உங்கள் தாய் நாள் முழுவதும் உழைத்தார். ஆனால் அது நிதானமான உழைப்பு; பசி எடுத்தால் களியும் குழம்பும் வயிறு நிறைய உண்ணும் உழைப்பு. எடை குறைந்தால் நேரம் குறையும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

லைன்வீட்டுமகள்:

மருத்துவர் ஐயாவின் கடைசிப் பத்தியோடு எனக்கு உடன்பாடில்லை. நானும் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. வயிறு நிறைய உண்ணும் உழைப்பு என்று சொல்வதற்குப் பெரிய மனது வேண்டும். என் அம்மா காலையில் சாயத்தண்ணீர் எனும் பாலில்லாத் தேநீரும் ஒரு ரொட்டியும் மட்டும் உண்டு மலை ஏறுவார். மதியச் சோற்றில் பாதியை எங்களுக்காக எடுத்து வைப்பார். அவருக்கு மாதக்கணக்கில் வராமல் இருந்ததும் உண்டு. வேலை நேரத்தில் தொந்தரவு இல்லை என்று நிம்மதிதான் பட்டார். அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் நோய் இல்லை என்றாகிவிட்டது. ஐந்து பிள்ளைகள் பிறந்ததைச் சொல்கிறீர்கள். தங்காமல் போனவை எத்தனை என்று உங்கள் தாயிடம் கேட்டீர்களா?

இன்னொன்று. கர்ப்பப்பை இறங்குவது கட்டுக்கதை அன்று. எங்கள் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளில், இருவருக்கு இறங்கியது. அது ஓடியதால் வந்ததன்று. பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே மூட்டை தூக்கப் போனதால் வந்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், பேற்றுக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கும் முன்னதான ஒரு மாதத்தில், கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ கொடுக்கக் கூடாது என்றது. 2017 திருத்தத்தில் விடுப்பு 26 வாரமானது. தாள் கணக்கு சரி. கேட்டுக்கொள்ளும் துணிவு எத்தனை பேருக்கு இருந்தது?

குன்னூர் மருத்துவர்:

ஏற்றுக்கொள்கிறேன். நான் அவசரப்பட்டு எழுதியது தவறு. நீங்கள் சொன்னதும் அதே கணக்குக்குள்தான் வருகிறது: ஓடுபவள் விரும்பிக் குறைத்து உண்கிறாள், உங்கள் அம்மா வழியின்றிக் குறைத்து உண்டார், ஹைபோதலாமஸுக்கு இந்த வேறுபாடு தெரியாது. கர்ப்பப்பை இறக்கத்தைப் பற்றிச் சொன்னதும் மருத்துவப்படி சரியே. பேற்றில் நைந்த அடி இடுப்புத் தசை தேறுவதற்கு முன் பாரம் தூக்குவதும், அடுத்தடுத்த பேறுகளும், நாட்பட்ட இருமலும், மலச்சிக்கலும் அதற்குத் துணைபோகின்றன.

ஓட்டக்காரி:

இந்த இழையை இரண்டு நாட்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு இப்போது 33 வயது. 20 வயதில் மாநில அளவில் 1,500 மீட்டர் ஓடினேன். எனக்கும் நின்றது. ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருக்கின்றன, எடையைக் குறைத்து இன்னும் உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். அப்போது என் எடை 43 கிலோ. வாரத்துக்கு 80 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த என்னை இன்னும் ஓடச் சொன்னார்கள். நானும் மகிழ்ச்சியாகச் சோற்றைக் குறைத்தேன்.

பிறகு மாதவிடாயை வரவழைக்க மாத்திரை கொடுத்தார்கள். முதல் மாத்திரைக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்துக் கருத்தடை மாத்திரை. மாதம் தவறாமல் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பதினோரு மாதங்கள் கழித்து, ஒரு சாதாரணப் பயிற்சியில், வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஓர் இடத்தில் விரல் வைத்தால் உயிர் போகும் வலி. பெரிய எலும்பில் மயிரிழை விரிசல். அது ஆறுவதற்குள் அடுத்த காலில். எலும்பு அடர்த்தி பார்த்த மருத்துவர், வயதானவர்களுக்கு வரவேண்டிய அறிக்கை இது என்றார். அவர்தான் முதன்முதலாக என்னிடம், ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அதுவரை பார்த்த நான்கு மருத்துவர்களில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கோத்தகிரி அக்கா, உங்கள் மகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது அந்தக் கேள்விதான். அதட்டிக் கேட்காதீர்கள். நான் அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றில் பாதியை மைதானத்து நாய்க்குப் போட்டுவிட்டுக் காலி டப்பாவைக் காட்டியவள்.

குன்னூர் மருத்துவர்:

இந்தப் பதிவை ஒவ்வொரு பயிற்சியாளரும் படிக்க வேண்டும். நீர்க்கட்டிக் குழப்பம் இன்றும் நடக்கிறது. பயிற்சியால் நின்றவர்களின் சினைப்பையிலும் வளராத சிறு முட்டைப்பைகள் பல தெரிவதுண்டு. ஸ்கேனை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். எல்.எச்., ஈஸ்ட்ரோஜன் இரண்டும் தாழ்ந்திருந்தால், முகத்தில் மயிர் வளர்ச்சியோ பருவோ இல்லாவிட்டால், பெண் மெலிந்தவளாக இருந்தால், நீர்க்கட்டிப் பிரச்சினை என்று முத்திரை குத்தும் முன் நூறு முறை யோசிக்க வேண்டும். ஏனெனில் இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிர். நீர்க்கட்டிப் பிரச்சினையோடு எடை கூடியவர்களுக்கு உடற்பயிற்சி மருந்தே ஆகும். இன்சுலின் செயல்பாடு மேம்பட்டுப் பலருக்குச் சுழற்சி சீராகிறது. அதே அறிவுரை இங்கே எலும்பை உடைக்கும்.

முதல் மாத்திரைக்கு வராததும் ஒரு தடயமே. ஈஸ்ட்ரோஜன் மிகவும் குறைந்து கர்ப்பப்பையின் உள்சுவர் வளராமல் இருந்தால் அந்த மாத்திரைக்கு உதிர ஒன்றும் இருக்காது. கருத்தடை மாத்திரையால் வருவது மாத்திரை வரவழைக்கும் உதிரப்போக்கு மட்டுமே. உடல் தேறிவிட்டது என்பதற்குச் சான்று அன்று. எலும்பையும் அது காப்பதில்லை. மாதவிடாயை வரவழைப்பதற்காக மட்டும் அதைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2017இல் வழிகாட்டியது. எலும்பு சேமிப்பு இருபதுகளின் இறுதிவரைதான் நடக்கும்; அந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் கழியும் ஆண்டுகளை முழுமையாக ஈடுசெய்வது கடினம். அதனால்தான் கருத்தரிப்பைவிட எலும்பைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

கோத்தகிரித்தாய்:

எல்லோருக்கும் நன்றி. ஓட்டக்காரியின் பதிவை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவளாகவே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். காலையில் ஓடுமுன் சர்க்கரையில்லாத கறுப்புத் தேநீர். ஓடியபின் மூன்று இட்லி. பதினோரு மணிக்கு ஒரு வாழைப்பழம். மதியம் ஒரு கிண்ணம் சோறு, குழம்பு, பொரியல். மாலையில் பால் தேநீரும் கொஞ்சம் சுண்டலும். இரவு இரண்டு சப்பாத்தி. எடை 46 கிலோ. கை எப்போதும் சில்லென்று இருக்கிறது. உதகைக் குளிர் என்றே நினைத்திருந்தேன்.

பரிசோதனைகள் எடுத்தாயிற்று. கர்ப்பமில்லை, தைராய்டு சுரப்பியில் கோளாறில்லை, புரோலாக்டின் இயல்பு. எல்.எச்.சும் ஈஸ்ட்ராடயாலும் மிகக் குறைவு. ஹீமோகுளோபின் 10.8. எலும்பு அடர்த்தி பார்க்கக் கோயம்புத்தூருக்கு இறங்கினோம். முதுகெலும்பில் இசட் மதிப்பு (அதே வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்) கழித்தல் 1.4 என்று வந்திருக்கிறது.

குன்னூர் மருத்துவர்:

உங்களைப் பார்க்கும் மருத்துவரின் முடிவே முடிவு. கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

46 கிலோவில் கொழுப்பைக் கழித்தால் ஏறத்தாழ 38 கிலோ. ஓடுவதற்குக் கிலோவுக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. 12 கிலோமீட்டருக்கு 550. ஏற்றத்தையும் சேர்த்து 600 என்று வைத்துக்கொள்வோம். எழுதிக் கொடுத்த உணவைத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 1,500ஐத் தாண்டாது. 600 போக மீதம் 900. அதை 38ஆல் வகுத்தால் 24க்கும் குறைவு. அந்த 30 என்ற கோட்டுக்குக் கீழே இருக்கிறாள். 45ஐத் தொட வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 2,300 கலோரி வேண்டும். அதாவது 800 குறைகிறது. பிள்ளை பட்டினி கிடக்கவில்லை, மூன்று வேளையும் உண்கிறாள், ஆனாலும் இத்தனை பற்றாக்குறை. அதனால்தான் வீட்டில் யார் கண்ணுக்கும் படுவதில்லை. வயதும் ஒரு காரணம்: பூப்பெய்தி 14 ஆண்டுகள் கடந்தவர்களுக்கு ஐந்து நாள் பற்றாக்குறையால் எல்.எச். தாளம் கெடவில்லை, இளையவர்களுக்கே கெட்டது என்று லவுக்ஸின் பிந்தைய ஆய்வு ஒன்று காட்டியது. உங்கள் மகள் பூப்பெய்தி ஐந்தே ஆண்டுகள்.

இசட் மதிப்பு கழித்தல் ஒன்றுக்குக் கீழே இருப்பது, ஓடும் பெண்ணுக்குக் கவனிக்க வேண்டிய நிலை. ஓட்டம் எலும்பை வலுப்படுத்த வேண்டும்; இங்கே எதிராக நடந்திருக்கிறது. கை சில்லிடுவதும் குளிரால் மட்டும் இருக்காது.

மைதானத்து மூத்தவர்:

எண்ணூறு கலோரி என்றதும் மலைக்க வேண்டாம் அம்மா. ஓடப் போகும் முன் வெறும் கறுப்புத் தேநீருக்குப் பதில் பாலும் வாழைப்பழமும். ஓடி முடித்து அரை மணி நேரத்துக்குள் நிலக்கடலைச் சட்னியோடு தோசை. பையில் ஒரு கைப்பிடி வறுத்த கடலையும் வெல்லமும்; ஐம்பது கிராம் கடலையிலேயே 280 கலோரி இருக்கிறது. மதியச் சோற்றில் நெய்யும் முட்டையும். இரவில் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். ஒரே வேளையில் திணித்தால் பிள்ளை வெறுத்துவிடும், பகிர்ந்து கொடுங்கள். அத்துடன் தொட்டபெட்டா ஏற்றத்தை வாரத்துக்கு ஒன்றாக்கி, ஒரு முழு நாள் ஓய்வைக் கூட்டச் சொல்லுங்கள். பயிற்சியாளர் முகம் சுளித்தால், உடைந்த காலோடு ஆறு மாதம் உட்காருவதைவிட இது குறைந்த நட்டம் என்று சொல்லுங்கள்.

செவிலியம்மா:

ஹீமோகுளோபின் 10.8 என்பதை யாரும் தொடவில்லையே. மாதவிடாய் நின்றவளுக்கு உதிர இழப்பே இல்லை, இருந்தும் 12க்குக் கீழே இருக்கிறது என்றால் உணவில் இரும்பு போதவில்லை, அல்லது போவது ஒட்டவில்லை. நம் மலையில் இதற்கு ஒரு கூட்டாளி உண்டு: சாப்பாட்டோடு தேநீர். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பை உடல் ஏற்கவிடாது. உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரில் விழுங்குபவர்களை நான் பணியில் இருந்த காலமெல்லாம் பார்த்திருக்கிறேன். சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெர்ரிட்டினையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். எங்கள் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களாக இருந்தால், கடும் பயிற்சிக்கு முன் அரிவாளணு இரத்தசோகைக்கான பரிசோதனையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. நீலகிரியில் அது 1952லேயே கண்டறியப்பட்டது.

கோவையிலிருந்து:

இடையில் ஒரு ஐயம். சமவெளியிலிருந்து உதகைக்குப் பயிற்சி முகாமுக்கு வரும் பெண்களுக்கு, உயரத்தினால் மாதவிடாய் கெடுமா?

குன்னூர் மருத்துவர்:

உதகை 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இங்கே கிடைக்கிறது. இந்த உயரம் தானாக மாதவிடாயை நிறுத்தாது. புதிதாக வருபவர்களுக்குப் பசி சற்று மந்தமாகலாம், ஏற்றமும் குளிரும் செலவைக் கூட்டும். அந்த இரண்டுக்கும் நடுவே பற்றாக்குறை நுழைந்துவிடும். முகாமில் உணவு அளவைக் கூட்டுவதே தீர்வு.

வெள்ளிநீர்வீழ்ச்சி:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். 31 வயது, திருமணமாகி இரண்டு ஆண்டுகள். உடற்பயிற்சிக் கூடமும், ஏரியைச் சுற்றி ஓட்டமும் தினமும் உண்டு. மாதவிடாய் 26 நாட்களுக்கு ஒரு முறை தவறாமல் வருகிறது. ஆனால் குழந்தை தங்கவில்லை. வந்துகொண்டிருந்தால் பிரச்சினை இல்லை என்றே நினைத்திருந்தேன். முதலில் சொன்ன அந்த இரண்டாம் பாதி குறுகுவது எனக்கும் இருக்குமா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

குன்னூர் மருத்துவர்:

இருக்கலாம், ஆனால் அதுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் கணவர், மனைவி இருவருமே பரிசோதித்துக்கொள்வதுதான் முறை. விந்தணுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் ஓர் எளிய வழி உண்டு. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுமுன், வெப்பமானியை நாக்குக்கு அடியில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனால் உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி வரை ஏறி, அடுத்த மாதவிடாய் வரை அப்படியே நிற்கும். ஏற்றமே இல்லையென்றால் முட்டை வெளிவரவில்லை எனக் கருத இடமுண்டு. ஏறி நின்ற நாட்கள் பத்துக்குக் குறைவாக இருந்தால் இரண்டாம் பாதி குறுகியிருக்கிறது. மூன்று மாதக் குறிப்போடு மருத்துவரிடம் செல்லுங்கள். மிதமான உடற்பயிற்சியை விட்டுவிடத் தேவையில்லை. கருத்தரித்த பிறகும் சிக்கல் ஏதும் இல்லாதவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி செய்வது பரிந்துரைக்கப்படுகிறது.

அவரைத்தோட்டம்:

லைன்வீட்டுமகள் கேட்டதை என் தாயிடம் கேட்டேன். இரண்டு தங்கவில்லையாம். அறுபது வயதாகும் எனக்கு இதுவரை தெரியாது. படித்தவர்கள் வீட்டு நோய் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தட்டு நிறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை இன்னும் முழுதாக நம்பவில்லை. மனக் கவலைக்கும் இதில் பங்கு இருக்குமே?

குன்னூர் மருத்துவர்:

நிச்சயமாக இருக்கிறது. தேர்வும் போட்டியும் வீட்டுச் சண்டையும் கார்டிசாலை ஏற்றி அதே தாளத்தைத் தளர்த்தும். உணவைப் பற்றிய அச்சம் வேரூன்றிவிட்ட பெண்களுக்கு மனநல ஆலோசகரின் துணை இல்லாமல் தட்டை நிறைக்கவே முடியாது.

கோத்தகிரித்தாய்:

ஐந்து மாதங்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இடையில் இரண்டு முறை எதுவும் சரியாகாது என்று சோர்ந்துபோனோம். எடை 46லிருந்து 49 ஆனது. ஆடை இறுகியபோது அழுதாள். நான் அந்த வாரம் எடை பார்க்கும் இயந்திரத்தை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். ஓட்டத்தை வாரம் ஐந்து நாளாக்கி, ஏற்றத்தை ஒன்றாக்கினாள். பயிற்சியாளர் முதலில் சிணுங்கினார். இப்போது மற்ற பெண்களின் பெற்றோரிடமும் விசாரிப்பதாகச் சொல்கிறார். ஹீமோகுளோபின் 12.1.

கொடைக்கானல் தோழிக்குச் சொன்ன வெப்பமானி முறையை என் மகளும் பிடித்துக்கொண்டாள். தலையணைக்கு அருகே ஒரு பழைய கணக்கு நோட்டு. நான்கு மாதங்களாக 36.2, 36.3, 36.2 என்று மாறி மாறி ஒரே மட்டத்தில் கிடந்தது. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை 36.6. மறுநாளும் 36.6. மூன்றாம் நாள் 36.7. ஓடி வந்து என்னை எழுப்பி நோட்டைக் காட்டினாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வார வியாழக்கிழமை மாதவிடாய் வந்தது. தூசு படிந்த அந்தப் பொட்டலத்தை அவளே பிரித்தாள்.

வெப்பம் ஏறியதிலிருந்து கணக்கிட்டால் ஒன்பது நாட்கள். அடுத்த மாதம் பல்கலைக்கழகப் போட்டிக்குத் தூரத்தைப் பழையபடி கூட்டலாமா என்று கேட்கிறாள்.

குன்னூர் மருத்துவர்:

மிக்க மகிழ்ச்சி. ஆனால் ஒன்பது நாள் என்பது இன்னும் குறைவு. தாளம் இப்போதுதான் திரும்பியிருக்கிறது. போட்டியில் ஓடட்டும். தூரத்தைக் கூட்டுவதை, இரண்டாம் பாதி பதினொன்று பன்னிரண்டு நாட்களைத் தொடும் வரை தள்ளிவையுங்கள். இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம். எலும்பு அடர்த்தியை ஓராண்டு கழித்து மறுபடியும் பாருங்கள்.

ஓட்டக்காரி:

போட்டி நாளன்று காலையில் அவளுக்குப் பதற்றத்தில் தொண்டைக்குள் எதுவும் இறங்காது அக்கா. முந்தைய இரவே வாழைப்பழமும் கடலை மிட்டாயும் பையில் வைத்து, ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு நீங்களே கையில் கொடுங்கள். முழுதும் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே இருங்கள். மைதானத்தில் நாய்கள் நிறைய இருக்கும்.